மட்கார்டில் ஒரு இடம்

மணமகள் அறையின் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று யாமினி அந்த வெள்ளை உடுப்பின் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். கண்ணாடியைச் சுற்றி பல்பு வரிசை. அதன் ஓரங்களில் யார் யாரோ கல்யாணப் பெண்கள் முகம் கழுவும் முன் கழற்றி ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள்; சிவப்பு, மெரூன், நடுவில் கல் வைத்தது. ஊரடங்கு வந்து முகூர்த்தமெல்லாம் நின்றுபோனதும், மருந்து தெளிக்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் தங்குவதற்குத் திருப்பதி கார்ப்பரேஷன் இந்த மண்டபத்தைத்தான் கொடுத்திருந்தது. பெண்களுக்கு மணமகள் அறை, ஆண்களுக்கு மணமகன் அறை. சாப்பாட்டுக் கூடத்தில் ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள். மேடையில் இரண்டு நாற்காலிகள் அப்படியே இருந்தன. வேலை முடிந்து வருகிறவர்கள் அவற்றின் முதுகில் துவைத்த துணியைக் காயப்போட்டிருந்தார்கள்.

புத்தூர் பக்கத்து மாந்தோப்பு விவசாயிகளிடம் மருந்தடிக்கிற டாங்கியோடு டிராக்டர் இருந்தால் தெருக்களில் தெளிக்க அனுப்புங்கள் என்று கார்ப்பரேஷன் கேட்டபோது, முதலில் கை தூக்கியவர் யாமினியின் அப்பா வெங்கடசாமி. மரத்துக்கு மருந்தடித்த டாங்கியைச் சோப்புப் போட்டுக் கழுவி, பின்பக்கம் குறுக்கே ஒரு குழாய் வைத்து அதில் வரிசையாக மருந்து பீச்சுகிற நாசில் பொருத்தி, தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த மறுநாள் டாங்கியின் மூடியைத் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. மகளை ஊரிலிருந்து வரவழைத்தார். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வரதராஜன் அவளை ஏற இறங்கப் பார்த்து, பொம்பளப் பிள்ளையா என்று இழுத்தார். யாமினி ஏறி உட்கார்ந்து, டாங்கி மாட்டிய டிராக்டரை மண்டபத்தின் குறுகலான பின்வாசல் வழியாக ரிவர்ஸிலேயே ஒரே மூச்சில் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். வரதராஜன் கையிலிருந்த பேனாவால் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, பெரிய சைஸ் உடுப்பு ஒண்ணு குடுங்க" என்றார்.

இன்று காலை அவள் கண்ணுக்கு மாட்டுகிற பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்தாள். மாட்டினாள், கழற்றினாள், துடைத்தாள், மறுபடி மாட்டினாள். காரணம் எளிது. இன்று அவள் மருந்து தெளிக்கப் போகிற தெருவில் நேற்று ஒருவருக்குக் கொரோனா உறுதியாகிவிட்டது. ஆள் ஆஸ்பத்திரியில் தெம்பாக இருக்கிறார், சாம்பார் சரியில்லை என்று ஃபோனில் குறை சொல்கிறார் என்று கேள்வி. ஆனாலும் சட்டம் சட்டம்தான். தெருவின் இரு முனையிலும் சவுக்குக் கம்பு நட்டு, தகரம் அடித்து மூடியாகிவிட்டது. உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே போகக்கூடாது. மருந்து டிராக்டரும் கார்ப்பரேஷன் ஆட்டோவும் மட்டும் போகலாம். அந்தத் தெருவில்தான் சுதீரின் வீடு இருந்தது.

சுதீர் அவளைப் பெண் பார்க்க வந்தவன். ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்பு, அப்பா நாராயணசாமி, அம்மா அலர்மேல்மங்கையோடு காரில் வந்திறங்கினான். பூர்வீகம் சத்தியவேடு பக்கம், திருப்பதியில் லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் வேலை. நீலச் சட்டை போட்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பஜ்ஜி தின்றான். மூன்றாவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான். பேசியதெல்லாம் அவன் அம்மாதான். கொட்டகையில் நின்ற டிராக்டரை ஜன்னல் வழியாகப் பார்த்து, "இது யாரு ஓட்டறது?" என்று கேட்டாள். யாமினிதான் என்று வெங்கடசாமி பெருமையாகச் சொல்ல, அந்த அம்மாள் யாமினியின் கையைத் தடவிக்கொடுத்து, "எங்க வூட்டுக்கு வந்துட்டா இதெல்லாம் தொடவே வேணாம் கண்ணு. ராணி மாரி குந்திக்கினு இரு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பு யாமினியின் நெஞ்சில் சிராய் போலக் குத்திக்கொண்டது.

பதினோராம் வகுப்பு லீவில் தோப்புக்குள் முதல் தடவை கிளட்சை விட்டபோது ஒரு மாமரத்தை முட்டி மொத்தப் பூவையும் தலைமேல் உதிர்த்துக்கொண்டவள் அவள். அன்றைக்குத் தொடங்கியது. உழவுக்கும், மருந்துக்கும், பழம் ஏற்றி மார்க்கெட்டுக்கும் அவள்தான். அதை விட்டுவிட்டு ராணி மாதிரி உட்கார்வது என்றால் எங்கே உட்கார்வது, எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பையன் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவு செய்திருக்கலாம். இரண்டு பஜ்ஜியை வைத்துக்கொண்டு ஒருவனை எப்படி எடைபோடுவது.

பையன் வீட்டில் சம்மதம். இவள் வீட்டிலிருந்துதான் பதில் போகவில்லை. நாராயணசாமி நேற்று ஃபோன் செய்திருந்தார். இருபது பேரோடு கல்யாணம் என்றால் தாசில்தார் அனுமதி கொடுக்கிறாராம், ஆனி மாதமே வைத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். மகள் டிராக்டரோடு திருப்பதியில்தான் இருக்கிறாள் என்பதை வெங்கடசாமி அவரிடம் மூச்சுவிடவில்லை.

யாமினி வெளியே வந்தபோது வெங்கடசாமி மண்டப வாசலில் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"கங்கம்மா ஜாத்திரைக்கு வேஷம் கட்டிக்கினு போற மாரி கீது."

"இந்த வருஷம் ஜாத்திரையே இல்லியே நைனா."

"அதான் சொல்றேன். ஊரு பூரா வேஷம் கட்ற மாசத்துல நீ ஒருத்திதான் கட்டிக்கினு கீற. ஜாத்திரையில வேஷக்காரன் யாரை இன்னா கேட்டாலும் எவனும் கோச்சிக்கக் கூடாது, தெரியுமில்ல?"

"தெருவுல நின்னு வம்பு இழுக்கச் சொல்றியா?"

"நான் எதுவும் சொல்லல. அவங்க வந்து உன்ன பாத்தாங்க. இன்னைக்கு நீ போய் அவங்கள பாத்துட்டு வா. அவ்ளோதான்." இடுப்பைப் பிடித்தபடி ஒரு அடி முன்னால் வந்தார். "நான் அந்தத் தடுப்பாண்ட குந்திக்கினு இருப்பேன். புடிச்சிருந்தா ஒரு ஹாரன் அடி. புடிக்கலன்னா சத்தம் இல்லாம வந்துடு. நான் எதுவும் கேக்க மாட்டேன். அவங்ககிட்ட எப்பிடி சொல்றதுன்னு நான் பாத்துக்கிறேன்."

யாமினி தலையாட்டினாள். திரும்பி, டிரம்மில் இரவே ஊறவைத்திருந்த ப்ளீச்சிங் தண்ணீரை மோட்டார் போட்டு டாங்கிக்கு ஏற்றினாள். தினமும் அந்தத் தண்ணீரை அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து அதன் வழியாகத்தான் வடிகட்டி விடுவாள். இன்றைக்கு வேட்டி கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

தடுப்புத் தகரத்தைப் போலீஸ்காரர் ஒருவர் தள்ளித் திறந்துவிட்டார். தெரு காலியாக இருந்தது. எல்லா வாசலிலும் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. மாடிகளில் ஆட்கள். முன்னால் போன கார்ப்பரேஷன் ஆட்டோ, மாஸ்க் பெட்டுகோண்டி, தூரம் பாட்டிஞ்சண்டி என்று, மாஸ்க் போடவும் தள்ளி நிற்கவும் தெலுங்கில் சொல்லிக்கொண்டே போனது. யாமினி பம்பை ஓடவிட்டதும் பின்னால் இருபக்கமும் நீர் விசிறியாக விரிந்தது. ஒரு வீட்டு மாடியில் ஒரு பெண் கற்பூரத் தட்டைச் சுற்றிக் காட்டினாள். இன்னொரு மாடியில் இரண்டு குழந்தைகள் கை தட்டின. ஒரு பெரியவர் பெர்முடாவோடு நின்று சல்யூட் வைத்தார். தெருவுக்கு மருந்தடிப்பதற்குப் பதிலாகத் தேர் இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது யாமினிக்கு. உடுப்புக்குள் வியர்வை முதுகில் ஓடியது. முகமூடிக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், யாருக்கும் தெரியாது.

பச்சைக் கேட் வீடு. சுதீர் வீட்டிலிருந்து ஃபோனில் போட்டோவாக வந்தது அதுதான். அந்த வீட்டை நெருங்கும்போது பின்னால் சீறல் சத்தம் குறைந்தது. திரும்பிப் பார்த்தாள். நாசில்கள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு நின்றுகொண்டிருந்தன. கடைசியாக ஒன்று மட்டும் குழந்தை உச்சா போவது போலச் சொட்டிவிட்டு அதுவும் நின்றது. அப்போதுதான் கொடியில் தொங்கிய வேட்டி அவள் கண்முன் வந்தது. வடிகட்டாத சுண்ணாம்புக் கசடு போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. உலகத்தில் எத்தனையோ வீட்டு வாசல் இருக்க, சரியாக இந்தப் பச்சைக் கேட்டுக்கு முன்னால்.

இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். பூட்ஸ் சளசளத்தது. கேட்டுக்குப் பின்னால் ஒருவன் வந்து நின்றான். அதே நீலச் சட்டை. மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அன்றைக்குத் தரையையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இன்றைக்கு டிராக்டரையே பார்த்தன.

"ஏமைந்தி அன்னா?" என்றான் தெலுங்கில், என்ன ஆச்சு அண்ணா என்று.

தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, நாசில் ப்ளாக் ஆகிவிட்டது, குத்த ஏதாவது வேண்டும் என்று அவளும் தெலுங்கிலேயே சொன்னாள். முகமூடி வழியாக வந்த குரல் அவளுக்கே யாரோ பேசுவது போல இருந்தது. அவன் உள்ளே ஓடி, தென்னந்துடைப்பத்திலிருந்து நாலைந்து ஈர்க்கு உருவிக்கொண்டு வந்தான். கேட் தூணின்மேல் வைத்தான். வைத்துவிட்டு, ஆட்டோ சொன்னபடி, அடி எண்ணி வைத்தது போலப் பின்னால் தள்ளிப் போய் நின்றான். அந்த ஒழுங்கு அவளுக்குச் சிரிப்பு வரவழைத்தது.

மாடியிலிருந்து அலர்மேல்மங்கையின் குரல் வந்தது, தமிழில். "டேய், அந்தப் பையனுக்கு மோர் குட்றா. வெயில்ல அந்தக் கோணிப்பைய மாட்டிக்கினு வேவறான் பாவம்."

"துன்னவோ குடிக்கவோ கூடாதும்மா அவங்க. ரூல்ஸ்."

"இன்னா ரூல்ஸோ. தெனம் பாக்கறேன் இந்தப் பையன. மெயின் ரோட்ல போவான். கோடு போட்ட மாரி இன்னா நேரா ஓட்டறான். பெத்தவ குடுத்து வெச்சவ."

யாமினி குனிந்து ஈர்க்கால் நாசிலைக் குத்தத் தொடங்கினாள். காது சூடாகிவிட்டது. அந்தத் தெருவுக்குக் குறுக்கே தினமும் காலையில் மெயின் ரோட்டில் போகும்போது, யாரோ மாடியில் நின்று பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

சுதீர் போகவில்லை. டிராக்டரை முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டே நின்றான். எத்தனை கியர் என்று கேட்டான். சொன்னாள். டாங்கி நிறையத் தண்ணீரோடு மேட்டில் ஏறினால் முன்சக்கரம் தூக்காதா என்று கேட்டான். தூக்கும், கிளட்சைப் பையப் பைய விட வேண்டும் என்றாள். வாய் திறக்காதவன் என்று நினைத்திருந்த ஆள் இப்படிக் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் நாசிலிலிருந்து வெள்ளைக் கசடு புழு மாதிரி நெளிந்து வெளியே வந்தது. அவள் அடுத்ததற்குப் போனாள்.

"அன்னா, இன்னொண்ணு கேக்கலாமா?" என்றான். கேட்டது தெலுங்கில்தான், ஆனால் குரலில் ஒரு கூச்சம் வந்து சேர்ந்திருந்தது. "மட்கார்ட் மேல ஒருத்தர் குந்திக்கினு போகலாமா? ஓட்டறவங்களுக்குப் பக்கத்துல?"

கிராமத்தில் எல்லாரும் அப்படித்தான் போவார்கள் என்றாள்.

"எதைப் புடிச்சிக்கணும்? நான் விழுந்துடுவேன்னு பயம். எனக்கு பைக்கே சரியா வராது."

யாமினியின் கையில் ஈர்க்கு நின்றது. "மீரு எந்துக்கு குந்தணும்?" என்று, நீங்கள் எதற்கு உட்கார வேண்டும் என்பது பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்பதால் அவன் கவனிக்கவில்லை.

அவன் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். "ஒரு பொண்ணு பாத்துக்கீறாங்க எனக்கு. புத்தூர் பக்கம். அவங்க டிராக்டர் ஓட்டுவாங்க. கொட்டாயில நின்னுது, செவப்பா. எறங்கிப் போய்ப் பாக்கணும்னு அவ்ளோ ஆசையா இருந்திச்சி. வூட்டுக்குள்ள நொழையறதுக்கு முன்னாலேயே எங்கம்மா சொல்லிட்டாங்க, நீ எதனா பைத்தியக்காரத்தனமா கேப்ப, வாயத் தொறக்காதன்னு. அதான் வாயில பஜ்ஜிய வெச்சிக்கினு இருந்துட்டேன்."

மாமரத்தை முட்டி நின்று பூ உதிர்ந்த அந்தக் காலை, ஏனோ, யாமினிக்கு நினைவு வந்தது. அவள் தலையை உயர்த்தவில்லை. அடுத்த கேள்விதான் கேள்வி. அதைக் கேட்காமல் போனால் ஹாரனும் இல்லை, ஒன்றும் இல்லை. வேஷம் கட்டியவன் எதைக் கேட்டாலும் கோபிக்கக் கூடாது. "கல்யாணம் ஆனப்புறம் அவங்க ஓட்டறதுக்கு உங்க வூட்ல விடுவாங்களா?"

"எங்கம்மா வேணாம்னாங்க." அவன் கேட்டின் கம்பியை விரலால் சுரண்டினான். "திரும்பி வர்ற வழி பூரா கார்ல சண்ட. நான் கேட்டேன், அவங்களுக்குத் தெரிஞ்ச வேலைய நிறுத்தச் சொன்னா எனக்குத் தெரிஞ்ச வேலைய நீ நிறுத்தச் சொல்லுவியான்னு. எனக்கு இன்னா வேலை தெரியும்னு எங்கம்மா கேட்டுட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல." சிரித்தான். மாஸ்க் உப்பி அடங்கியது. "ஆனா நான் முடிவு பண்ணிட்டேன். அவங்க ஓட்டுவாங்க. நான் மட்கார்ட்ல குந்திக்கினு போவேன். விழாம குந்தறது மட்டும் கத்துக்கணும். அதான் உன்னக் கேக்கறேன்."

கடைசி நாசிலின் அடைப்பும் விட்டது. யாமினி நிமிர்ந்தாள். இடது மட்கார்டின் மேல் இருந்த இரும்புக் கைப்பிடியைத் தட்டிக் காட்டினாள். இதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, காலை இந்தப் படியில் ஊன்றி, முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து உட்கார்ந்தால் விழமாட்டீர்கள், பள்ளம் வரும்போது ஓட்டுகிறவர்களே சொல்லிவிடுவார்கள் என்று விளக்கினாள். அவன் வெறும் காற்றில் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி, முதுகைச் சாய்த்துப் பார்த்தான். கேட்டுக்குப் பின்னால், சிமெண்ட் வாசலில், இல்லாத டிராக்டரின் இல்லாத மட்கார்டில் அவன் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் தள்ளாடினான். சமாளித்தான்.

யாமினி ஏறி உட்கார்ந்து இஞ்சினைப் போட்டாள். பம்பு குதித்து, எல்லா நாசிலும் ஒன்றாகச் சீறின. அழுத்தம் கூடிப்போயிருந்ததால் முதல் வீச்சு கேட்டைத் தாண்டி அவன்மேலேயே விழுந்தது. அவன் ஒரு அடி பின்வாங்கினான். அவள் பம்பைத் தணித்துவிட்டுக் குனிந்து, கரகரப்பு இல்லாத தன் குரலில், தமிழில் சொன்னாள்.

"அந்த மூணாவது பஜ்ஜிய அவ்ளோ நேரம் பாத்துக்கினே இருந்தீங்களே. எடுத்துத் துன்னிருக்கலாம் இல்ல?"

அவன் அசையவில்லை. தூக்கிய காலை இன்னும் முழுதாகக் கீழே வைத்திருக்கவில்லை. வெள்ளை உடுப்பை, கண்ணாடியை, ஸ்டியரிங்கில் இருந்த கையுறையைப் பார்த்தான். பரீட்சை வைக்கிறவன் மாதிரி மெதுவாகக் கேட்டான்.

"அது இன்னா பஜ்ஜி?"

"வெங்காயம். மத்ததெல்லாம் வாழக்கா. அது ஒண்ணுதான் வெங்காயம்."

"எனக்கு வெங்காயந்தான் புடிக்கும்" என்றான். "கடைசி ஒண்ண எடுத்தா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

"அடுத்த தபா எடுத்துக்குங்க."

மாடியிலிருந்து அலர்மேல்மங்கை எட்டிப் பார்த்தாள். "இன்னாடா அந்தப் பையன்கிட்ட இவ்ளோ நேரம் பேச்சு?"

"வண்டி ஓட்டறத பத்திதாம்மா."

"நீ வாயத் தொறந்து பேசறதே அதிசயம். எதனா கத்துக்கோ அந்தப் பையன்கிட்ட."

"கத்துக்கிறேம்மா" என்றான் சுதீர். அவன் குரல் உடைந்து சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

யாமினி கிளட்சைப் பையப் பைய விட்டாள். டிராக்டர் நகர்ந்தது. அடுத்த வீட்டைத் தாண்டியதும் ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஒன்று போதும் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். அவள் கையை எடுக்கவே இல்லை. தெரு முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. மாடிகளில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பெர்முடா பெரியவர் மறுபடி சல்யூட் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தெரு முனையிலிருந்து பதில் வந்தது. யாரோ தடுப்புத் தகரத்தைக் கையால் அறைகிறார்கள், முதலில் தாறுமாறாக, பிறகு ஜாத்திரைப் பம்பை மாதிரி ஒரு தாளத்தில். இடுப்பு பிடித்த மனிதர் அடிக்கிற அடி போல அது இல்லை.

பக்கக் கண்ணாடியில் பச்சைக் கேட் சிறுத்துக்கொண்டே போனது. சுதீர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான், இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி. நீலச் சட்டையில் மேலிருந்து கீழ்வரை தெறித்திருந்த ப்ளீச்சிங் துளிகளை அவன் துடைத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்கு அது வெறும் ஈரமாகத்தான் அவனுக்குத் தெரியும். வெயில் ஏற ஏற அந்த நீலத்தில் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பூக்கத் தொடங்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அவள் டிராக்டரை வளைக்காமல், கோடு போட்ட மாதிரி, தகரச் சத்தத்தை நோக்கி ஓட்டினாள்.